தார்ப்பாய்த் தேய்மானம்

கூத்தாநல்லூருக்குத் தெற்கே, வெண்ணாற்றுக் கரையில்
பதுருதீன் ராவுத்தர் மில்லில்
பதினாறு வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
பேர் உதுமான். நடுவிரலில்
பேனா தேய்த்த காய்ப்பு.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்
பயணம் சொல்லிப் பொருத்தம் தேடவேண்டும்.
ராவுத்தரும் தேடினார்.
களத்தோரம் பந்தல், ஆறு தேக்சா பிரியாணி.
ஒலிபெருக்கியில் குரல் தழுதழுத்தது:
'தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதையெல்லாம்
அல்லாவுக்காகப் பொருந்திக்கிடுங்க.'
பொருந்திக்கொண்டோம் என்றது பந்தல்.
எலும்பு கடித்த வாயோடு நானும் சொன்னேன்.

பந்தலுக்கு வெளியே அவித்த நெல்லைக்
காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள் பதினோரு பேர்.
விருந்தன்றும் நெல் காயத்தானே வேண்டும்.
யாரோ காதில் சொல்ல, ராவுத்தர் அங்கேயும் போனார்,
அத்தர் மணக்க, செருப்பைக் கழற்றிவிட்டு,
சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

தையநாயகி கேட்டாள்:
'பொருந்திக்கிறதுன்னா என்னங்க மொதலாளி?'
'மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேன்னு அர்த்தம்மா.'
'மனசுல இல்லீங்க. நோட்டுல இருக்கு.
அந்தா நிக்கிறாரே, அவரு எழுதுன நோட்டு.
நாள் ஒண்ணுக்குப் பத்து ரூவா.
கணக்கு முடிக்காம
ரசீதுல எப்படிங்க கைநாட்டு வெக்கிறது?'

கோபமாய்ச் சொல்லவில்லை. கால் நிற்கவுமில்லை.
நெல்லில் அவள் இழுத்த வரிகள்
நேராக என்னை நோக்கி வந்தன.

தார்ப்பாய்த் தேய்மானம் என்று ஒரு பத்தி.
கோடு கிழித்தது நான்தான்.
பெண்கள் நடந்து நடந்து தார்ப்பாய் தேய்கிறதாம்.
பாதம் தேய்வதற்குப் பத்தி கிடையாது.
முதல் வாரம் எழுதும்போது கை கூசியது.
அப்புறம் கூசவில்லை.

'வந்து பாத்துக்குவோம்' என்றார் ராவுத்தர்.
இமாம் தாடியில் ஒட்டாத பருக்கையைத்
தேடிக்கொண்டிருந்தார்.
வேன் கிளம்பியது. தக்பீர்
வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்வரை கேட்டது.

அன்று இஷாவில்
எத்தனையாவது ரக்அத் என்று மறந்துபோனேன்.
சின்னதில் உஸ்தாது சொல்லித்தந்தது வந்து நின்றது:
ளுல்மு என்றால் அநியாயம்.
அரபியில் இருட்டுக்கும் அதே வேர்.
அன்றைக்கு ஒப்பித்துவிட்டு விளையாட ஓடினேன்.
தன் பாக்கியை அல்லாஹ் தள்ளிவிடுவான்.
அவள் பாக்கியை அவள்தான் தள்ளவேண்டும்.
விட்ட தொழுகைக்குக் களா உண்டு,
பிடித்த பத்து ரூபாய்க்கு?

ராத்திரியோடு மில்லைத் திறந்தேன்.
ஆறு வருஷம். வருஷத்துக்கு இருநூற்றெண்பது நாள்.
பதினோரு பேர்.
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து எண்ணூறு.
மூன்று தரம் கூட்டினேன், குறையவில்லை.
ரம்ஜானுக்கு ரம்ஜான் எனக்கு வந்த
கைலியையும் ஐந்நூறு ரூபாயையும்
அடியில் தனியாக எழுதினேன்.

சுபுஹு முடிந்து காலனிக்கு சைக்கிளை மிதித்தேன்.
தையநாயகி குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.
'என்னையாவது பொருந்திக்கம்மா.'
நிறைந்த குடத்தை நகர்த்தி
அடுத்ததை வைத்தாள்.
'மொதல்ல படிங்க.'
'தொகையா?'
'பேரு.'

தையநாயகி. செங்கமலம். மாரிக்கண்ணு. வீராயி.
'சத்தமா.'
குப்பம்மா. பவுனு. இன்னொரு செங்கமலம்.
பல் துலக்கிய வாயோடு வாசல்களில் ஆள் நின்றது.
பாங்கு சொல்லிப் பழகாத தொண்டை எனக்கு,
பதினொன்றாவது பேரில் கம்மிப்போனது.

நோட்டை மூடினேன்.
வரிசையில் கடைசியாக நின்ற பவுனு சொன்னாள்:
'ஜன்னத்து பீவிய விட்டுட்டீங்க.'

போன ஐப்பசியில் மௌத்தானவள்.
எங்கள் தெருக்காரி.
ஐந்து வருஷம் இதே களத்தில் நடந்தவள்.
அவளிடம் யார் போய்ப்
பொருத்தம் வாங்கி வருவது?

நோட்டைத் திறந்தேன்.
மறுபடி முதலிலிருந்து கூட்டவேண்டும்.